பன்னீர் திராட்சையும் தெற்கு பிரான்சின் மஸ்கட் ஒயினும்

மதுரைப் பழக்கடைகளில் பன்னீர் திராட்சை கேட்டால் எடுத்துத் தருவது கருநீலக் கொத்து. தோல் மெல்லியது, உள்ளே விதை உண்டு, கடித்ததும் ரோஜா வாசனை மூக்குக்கு ஏறும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் இந்தத் திராட்சையின் வகைப்பெயர் மஸ்கட் ஹாம்பர்க். தெற்கு பிரான்சில், ரோன் ஆற்றுக்குக் கிழக்கே, 1,900 மீட்டருக்குச் சற்று மேலே எழுந்து நிற்கும் மோன் வான்டூ மலையின் அடிவாரத்திலும் இதே மஸ்கட் ஹாம்பர்க்தான் விளைகிறது. 'வான்டூ மஸ்கட்' என்ற பெயரில் அந்தப் பகுதித் திராட்சையை மட்டுமே விற்கலாம் என்று 1997-இல் பிரான்ஸ் அரசு உரிமை கொடுத்தது. கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-இல்.

வான்டூ விவசாயிகளும் இந்தப் பழத்தைச் சாப்பிடத்தான் விற்கிறார்கள். ஆனால் அதே மலைக்குப் பக்கத்தில் போம் த வெனீஸ் என்ற ஊரில், பன்னீர் திராட்சைக்குப் பாட்டி முறையாகும் ஒரு வகையிலிருந்து இனிப்பு ஒயின் எடுக்கிறார்கள். மஸ்கட் த போம் த வெனீஸ் என்பது அதன் பெயர். அது எப்படி ருசிக்கும், எதோடு சேரும், நம் ஊர்ச் சாப்பாட்டில் எது அதற்குப் பொருந்தும் என்பதைப் பார்ப்போம். மது தொடாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பொருத்தம் பார்க்கும் விதிகளில் பெரும்பாலானவை திராட்சைச் சாற்றுக்கும் அப்படியே செல்லும்.

பாட்டி முறை என்றேன். அது மரபணுச் சோதனையில் தெரிந்த உறவு. மஸ்கட் இனங்களில் மிகப் பழையது, சின்ன மணிகளாகக் காய்க்கும் வெள்ளை மஸ்கட். மத்தியதரைக் கடலோரத்தில் அது இன்னொரு கொடியோடு சேர்ந்து பிறந்தது அலெக்சாண்டிரியா மஸ்கட். இந்த அலெக்சாண்டிரியா மஸ்கட்டும், இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடங்களில் 'பிளாக் ஹாம்பர்க்' என்று வளர்க்கப்பட்ட கறுப்புத் திராட்சையும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சேர்ந்து உண்டானது மஸ்கட் ஹாம்பர்க். போம் த வெனீஸ் ஒயின் சின்ன மணி மஸ்கட்டிலிருந்து வருகிறது. ஸ்பெயின் எல்லைக்கு அருகே ரிவ்சால்ட் பகுதியில் எடுக்கும் மஸ்கட் ஒயினில் சின்ன மணியும் அலெக்சாண்டிரியாவும், அதாவது பாட்டியும் மகளும், சேர்ந்தே இருக்கும்.

பன்னீர் திராட்சை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலம் தமிழ்நாட்டுக்கு வந்தது என்று கம்பம் பக்கம் சொல்வார்கள். புவிசார் குறியீட்டுச் செய்திகளிலும் இந்த வரலாறு வருகிறது. பாதிரியார் திராட்சைக் கொடி கொண்டுவந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கத்தோலிக்கப் பூசைக்குத் திராட்சை ரசம்தான் வேண்டும், வேறு பழரசம் ஆகாது. அந்தக் காலத்தில் மதுரை வட்டாரத்துக் கிறிஸ்தவர்களைப் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பாதிரிமார் கவனித்துவந்தார்கள். 1830-களின் பிற்பாதியில் பிரெஞ்சு இயேசு சபையினர் வந்து பொறுப்பேற்றார்கள். பின்னாளில் மதுரை மிஷன் துலூஸ் நகரத்துச் சபை மாகாணத்தின் கீழ் வந்தது. துலூஸும் தெற்கு பிரான்ஸ்தான். ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி மஸ்கட் ஹாம்பர்க் 1832-இல் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே அந்த முதல் கொடி வேறொரு திராட்சையாகத்தான் இருக்க வேண்டும், இன்று பந்தலில் தொங்குவது அதற்குப் பின்னால் வந்தது என்றே நான் கொள்கிறேன்.

வந்த கொடிக்குக் கம்பம் பள்ளத்தாக்கு பிடித்துப்போனது. 1996 வரை மதுரை மாவட்டமாகவே இருந்த இந்தப் பகுதியில் முல்லைப் பெரியாறு தண்ணீர் பாய்கிறது. பிரான்சில் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்துத் தூங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. இங்கே கொடி தூங்குவதே இல்லை. கவாத்து செய்ததிலிருந்து சுமார் 120 நாளில் பழம் எடுக்கலாம் என்பதால், இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று ஏதாவது ஓர் ஊரில் வருடம் முழுக்க அறுவடை நடந்துகொண்டே இருக்கிறது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இனி வாசனைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மஸ்கட் குடும்பத்துக்கு அந்த மணத்தைக் கொடுப்பவை டெர்பீன் வகைச் சேர்மங்கள். அவற்றில் மூன்று முக்கியமானவை: லினலூல், ஜெரானியோல், நெரோல். ரோஜா எண்ணெயிலும் ஜெரானியோல் இருக்கிறது. பன்னீர் திராட்சையில் ரோஜா மணக்கக் காரணம் அதுதான். லினலூல் இன்னும் சுவாரசியமானது. கொத்தமல்லி விதையின் வாசனை எண்ணெயில் பாதிக்கும் மேல் லினலூல். மதுரை மல்லியின் மணத்திலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஏலக்காயிலும் கொஞ்சம் இருக்கிறது. அதாவது, அரைப்பதற்கு மல்லி வறுக்கும் அடுப்படியிலும், மீனாட்சி கோயிலைச் சுற்றிய தெருக்களின் பூக்கடையிலும், போடியின் ஏலக்காய் மூட்டையிலும் நாம் அன்றாடம் முகரும் ஒரு சேர்மம் பிரான்சின் அந்தப் புட்டிக்குள்ளும் இருக்கிறது. ஒயினை முகர்ந்து 'ஆரஞ்சுப் பூ, ரோஜா, லிச்சி' என்று பிரெஞ்சுக்காரர்கள் பட்டியல் போடுவார்கள். ஆரஞ்சுப் பூ எப்படி மணக்கும் என்று தெரியவில்லையே என்று மதுரைக்காரர் யாரும் தயங்க வேண்டாம். எலுமிச்சைப் பூவும் மல்லியும் தெரிந்த மூக்குக்கு இந்த ஒயின் அந்நியமாகவே இருக்காது.

இந்த மணம் பெரும்பாலும் தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் இருக்கிறது. அதிலும் ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்து மணமில்லாமல் கிடக்கும். நொதிக்கும்போதும் நாட்பட வைக்கும்போதும் அந்தப் பிணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து மணம் வெளிவரும். தோலைத் துப்பிவிட்டுப் பன்னீர் திராட்சை சாப்பிடுபவர்கள் பாதி மணத்தைத் துப்பிவிடுகிறார்கள்.

ஒயின் எப்படி ஆகிறது என்பதையும் தெரிந்துகொண்டால் ருசி புரியும். சாதாரண ஒயினில் ஈஸ்ட் சாற்றிலுள்ள சர்க்கரை முழுவதையும் தின்று சாராயமாக்கிவிடும், இனிப்பு மிஞ்சாது. மஸ்கட் ஒயினில் பாதி வழியிலேயே அதை நிறுத்துகிறார்கள். லிட்டருக்குக் குறைந்தது 252 கிராம் சர்க்கரை இருக்கும் அளவுக்குப் பழத்தைக் கொடியிலேயே பழுக்கவிடுவார்கள். சாறு பிழிந்து நொதிக்க வைத்து, நடுவில் 95 சதவீதத்துக்கு மேல் வலுவுள்ள, மணமற்ற திராட்சைச் சாராயத்தைக் கொஞ்சம் ஊற்றுவார்கள். அந்த வலுவில் ஈஸ்ட் செத்துப்போகும். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். இந்த முறைக்கு மோன்பெலியே நகரில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்த மருத்துவர் அர்னோ த வில்நவ்வின் பெயரைச் சொல்வது பிரெஞ்சு மரபு. முடிவில் கிடைப்பது குறைந்தது 15 சதவீதம் சாராயமும், லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரையும் உள்ள, வெளிறிய தங்க நிற ஒயின். பழத்தின் பச்சை மணம் போகாமல் இருப்பதற்குக் காரணமும் இந்தப் பாதியில் நிறுத்துதல்தான்.

வாயில் வைத்தால் முதலில் வருவது திராட்சைதான். ஒயின் குடித்தால் திராட்சை ருசி தெரிவது இயல்புதானே என்று தோன்றும், ஆனால் உலகில் பெரும்பாலான ஒயின்களில் பச்சைத் திராட்சையின் ருசி தெரியாது. அது தெரிவது மஸ்கட்டின் தனிக்குணம். பிறகு பாதாமி, தேன், ரோஜா, ஆரஞ்சுத் தோலின் மெல்லிய கசப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் சாராயத்தின் சூடு. தரமான புட்டியில் இனிப்புக்குப் பின்னால் ஒரு புளிப்புக் கீற்று ஓடும். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் சர்க்கரைப் பாகு குடித்த மாதிரி ஆகிவிடும்.

தெற்கு பிரான்சில் இதைச் சாப்பாட்டுக்கு முன்பு, குளிர வைத்து, சின்னக் கிளாசில் குடிப்பார்கள். கோடையில் காவயோன் ஊர் முலாம்பழத்தை இரண்டாக வெட்டி, விதையை எடுத்துவிட்டு, அந்தக் குழியிலேயே ஒயினை ஊற்றிச் சாப்பிடுவதும் உண்டு. பாதாமியோ எலுமிச்சையோ வைத்துச் சுட்ட பணியாரமும், பாதாம் பிஸ்கட்டும் இதோடு வரும். இவற்றைவிட ஆச்சரியமான கூட்டு ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி. செம்மறியாட்டுப் பாலில் செய்து குகையில் நீலப்பூசணம் படரவிட்ட கட்டி அது. உப்பு கடுமையாக இருக்கும், மணமும் காரமாகத் தாக்கும். அதன் மேல் இந்த இனிப்பு ஒயின் பட்டதும் இரண்டும் அடங்கி ஒன்றாகிவிடும். உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடும் என்பதை உப்பு தூவிய மாங்காயும் கொய்யாவும் தின்று வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நம் இலைக்கு வருவோம். மூன்று விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன: காரம், புளி, சர்க்கரை.

காரத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது, இனிப்பு ஒயின் எல்லாக் காரத்தையும் ஆற்றும் என்று. இனிப்பு ஆற்றும், உண்மை. ஆனால் சாராயம் எரிச்சலைக் கூட்டும். மிளகாயின் கேப்சைசின் நாக்கில் எந்த நரம்பு வாசலைத் தட்டுகிறதோ, சூட்டை உணரும் அதே வாசலைத்தான் சாராயமும் தட்டுகிறது. 15 சதவீதச் சாராயம் சின்ன அளவல்ல. மிளகாய் தூக்கலாகப் போட்ட மட்டன் சுக்காவோடு இந்த ஒயினைக் குடித்தால் முதல் வாய் இதமாக இருக்கும், மூன்றாவது வாயில் உதடு எரியும். மிளகும் மல்லியும் முன்னால் நின்று மிளகாய் பின்னால் நிற்கிற சுக்கா என்றால் கதை வேறு. மல்லியின் லினலூல் ஒயினின் மணத்தோடு கைகோத்துக்கொள்ளும்.

அசைவத்தில் என் முதல் தேர்வு கோலா உருண்டை. கொத்துக்கறி, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு சேர்த்து அரைத்துப் பொரித்தது. காரம் மிதம், கொழுப்பு உண்டு, சோம்பு மணம் தனியாகத் தெரியும். தெற்கு பிரான்சுச் சமையலிலும் சோம்பு இனத்து மணத்துக்குப் பெரிய இடம் உண்டு. மார்செய் நகரத்து மீன் சூப்பில் அந்த இனத்துக் கிழங்கையே போடுவார்கள். சூடான கோலா உருண்டையும் குளிர்ந்த மஸ்கட்டும் சாப்பாட்டுக்கு முன்னால் அழகாகச் சேரும். அந்த இடத்தில் மிளகு போட்டு வறுத்த உப்பு முந்திரியும், காரம் குறைந்த சேவும் சேரும். முழுக் காரத்தில் சாத்தூர்ச் சேவு வேண்டாம்.

அயிரை மீன் குழம்பை இதனருகே கொண்டுவரவே கூடாது. மதுரை மண்ணின் மிகச் சிறந்த குழம்பு அது, ஆனால் அதன் உயிர் புளியில் இருக்கிறது. புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலம். திராட்சையின் முக்கிய அமிலமும் அதேதான். வேறு பழங்களில் அது இவ்வளவு காண்பது அரிது. புளிக்குழம்பில் அந்த அமிலம் மிகுதி, ஒயினில் அளவு. குழம்புக்கு மேல் ஒயினைக் குடித்தால் ஒயினின் புளிப்புக் கீற்று நாக்குக்குத் தெரியாமல் போய், வெறும் இனிப்பு மட்டும் கெட்டியாக நிற்கும். மீனின் கவுச்சியோடு அது சேரும்போது இரண்டும் கெடும். வத்தக்குழம்பு, புளியோதரை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

இனிப்புக்கு இனிப்பு சேரும் என்று நினைப்பதும் சறுக்கும் இடம். இங்கே ஒரே விதி: தட்டில் இருப்பதைவிடக் கிளாசில் இனிப்பு கூடுதலாக இருக்க வேண்டும். நாக்கு ஒரு இனிப்புக்குப் பழகிவிட்டால் அதற்குக் கீழே உள்ள இனிப்பு புளிப்பாகத் தெரியும். ஒயினில் இருப்பது எடையில் பத்தில் ஒரு பங்கு சர்க்கரை. நெய் சொட்டும் அல்வாவில் இருப்பது அதைப்போலப் பல மடங்கு. ஆகவே அல்வா, ஶ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, ஜிகர்தண்டா, மூன்றுமே இந்த ஒயினை மெலிந்த புளிப்புத் தண்ணீராக்கிவிடும். ஜிகர்தண்டாவுக்குத் துணை எதுவும் தேவையில்லை, அதைத் தனியாகவே குடிப்பதுதான் மரியாதை. கோவில்பட்டிக் கடலைமிட்டாயிலும் பருத்திப்பாலிலும் வெல்லத்தின் கனமான மணம் மஸ்கட்டின் பூமணத்தை மூடிவிடும். வெல்லத்துக்கு ரிவ்சால்ட் பகுதியிலேயே பல வருடம் பீப்பாயில் கிடந்து பழுப்பேறிய இன்னொரு வகை ஒயின் இருக்கிறது. உலர்ந்த அத்தியும் வறுத்த கொட்டையும் மணக்கும் அதுதான் பொருத்தம்.

அப்படியானால் என்ன இனிப்பு வைப்பது? ஆப்பமும் தேங்காய்ப்பாலும். சர்க்கரையை ஒரு கை குறைத்துப் போட்டு, ஏலக்காய் தட்டிப் போட்ட தேங்காய்ப்பால். அதன் கொழுப்பு சாராயத்தின் சூட்டைத் தணிக்கும், ஏலக்காய் ஒயினின் மணத்துக்கு இணங்கும். பால் பணியாரமும் இதே காரணத்தால் நன்றாக வரும், சர்க்கரையை அடக்கிப் போட்டால். பழங்களில் நத்தம் பக்கத்து மாம்பழம் நன்றாகச் சேரும், கொஞ்சம் புளிப்பு மிச்சமிருக்கும் பதத்தில். சிறுமலை வாழைப்பழமும் அப்படியே. கோடையில் நுங்கு. நுங்குக்குத் தனக்கென்று பெரிய ருசி இல்லை, குளிர்ச்சியும் வழவழப்பும்தான். காவயோன் முலாம்பழம் செய்யும் வேலையை மதுரையில் நுங்கு செய்யும் என்பது என் கணிப்பு.

மதுரைக்கு மத்தியதரைக் கடல் ஒயின் புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். யவனர்கள் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் ஊற்றித் தரப் பருகும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் இருக்கிறது. வைகை கடலில் சேரும் பக்கத்தில் உள்ள அழகன்குளத்தில் அகழ்ந்தபோது, அப்படி மது வந்த கைப்பிடி ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அரிக்கமேட்டில் கிடைத்த ஜாடிகளில் பல கிரேக்கத் தீவான கோஸைச் சேர்ந்த வகை. அந்தத் தீவின் ஒயினில் கடல்நீர் கலப்பது அக்கால வழக்கம். பாண்டியனின் கிண்ணத்தில் அந்த வகை ஊற்றப்பட்டிருந்தால் அதில் லேசாக உப்பு கரித்திருக்கும்.

இன்று ஒரு புட்டி கையில் வர எளிய வழி, பிரான்சிலிருந்து வரும் உறவினர். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே ஆள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருபவர் தீர்வையின்றி 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது கூடாது என்பது சட்டம். கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே பன்னீர் திராட்சையை நொதிக்க வைக்கும் ஆசை சிலருக்கு வரும். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதை மதுவிலக்குச் சட்டம் அனுமதிப்பதில்லை.

மஸ்கட்டை வருடக்கணக்கில் பாதுகாத்து வைப்பதில் பயனில்லை, பூமணம் குறைந்துகொண்டே போகும். வாங்கி ஓரிரு வருடத்துக்குள் திறந்துவிடுவது நல்லது. 8 முதல் 10 டிகிரிக் குளிர்ச்சியில் ஊற்ற வேண்டும். மதுரை வெயிலில் கிளாஸ் கைக்கு வருவதற்குள் சூடேறிவிடும், சூடேறினால் சாராயம்தான் முன்னால் வரும். அதனால் ஒரு தடவைக்கு 50, 60 மில்லிக்கு மேல் ஊற்றாமல் புட்டியை மறுபடி குளிர்பெட்டியில் வைப்பதுதான் முறை. குடிப்பதன் அளவும் அதோடு நின்றால் நல்லது.

மது வேண்டாம் என்பவர்களுக்குப் பன்னீர் திராட்சைச் சாறு. மிக்சியில் விதை உடையும்படி அரைத்தால் கசப்பு இறங்கும். காம்பு நீக்கிய பழத்தைக் கையால் பிசைந்து, தோலோடு அரை மணி நேரம் குளிர்பெட்டியில் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினால் மணமும் நிறமும் தோலிலிருந்து இறங்கியிருக்கும். கொதிக்க வைத்தால் பூமணத்தில் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். சர்க்கரை சேர்க்கத் தேவையே இல்லை: நன்றாகப் பழுத்த பழத்தின் சாற்றில் லிட்டருக்கு 150 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும், மஸ்கட் ஒயினில் இருப்பதைவிடக் கூடுதல். சாராயம் இல்லாததால் எரிச்சல் கூடாது, இனிப்பு மட்டும் வேலை செய்யும். ஆகவே ஒயினுக்கு ஒத்துவராத காரச் சுக்காவும், சாத்தூர்ச் சேவும், மிளகாய் தூவிய கறி தோசையும் இந்தச் சாற்றுக்கு நன்றாகவே ஒத்துவரும். மதுரைச் சாப்பாட்டுக்கு இரண்டில் எது பொருத்தம் என்று கேட்டால் நான் சாற்றையே சொல்வேன். அயிரை மீன் குழம்போடு மட்டும் அதுவும் வேண்டாம்.